ஊர்க் கண்மாயும் பறவைகளும்: சித்திரை முதல் பங்குனி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பறவைகள் வந்து தங்கும் கண்மாய் உள்ள ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “இதுகளுக்கு நாங்க என்ன செய்யணும்?” இரை போடலாமா, மரம் நடலாமா, கண்மாயைச் சுத்தம் செய்யலாமா என்று ஆர்வத்தோடு கேட்பார்கள். எந்த மாதத்தில் எதைச் செய்யக் கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். நல்ல மனதோடு தொடங்கிய வேலை, மாதம் தப்பியதால் கேடாக முடிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு கார்த்திகை மாதம், கூடு கட்டத் தொடங்கியிருந்த கண்மாயில் முள்ளை வெட்டுகிறோம் என்று பொக்லைனை இறக்கினார்கள். இரண்டே நாளில் மரங்கள் காலியாகிவிட்டன. அதே வேலையை வைகாசியில் செய்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியைத் தமிழ் மாதக் கணக்கிலேயே எழுதுகிறேன். கண்மாய்க்கும் அதுதான் கணக்கு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரணாலயம் என்றால் வனத்துறை வேலி போட்டுக் காப்பது என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டின் பறவைச் சரணாலயங்கள் பலவும் சட்டம் வருவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் காத்து வைத்தவை. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் வெறும் 74 ஏக்கர் ஏரி. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் ஆட்சியரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் ஆட்சியர் லயோனல் பிளேஸ் பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார், 1858இல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. மக்கள் போராடியதற்குக் காரணம் இரக்கம் மட்டுமல்ல. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பல தலைமுறைப் பிள்ளைகள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமலே வளர்ந்திருக்கிறார்கள். அந்த ஊரையும் சேர்த்து வேட்டங்குடி சரணாலயம் என்று அறிவிப்பு வந்தது 1977இல்தான். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் குளத்து மரங்களில் இடம் போதாமல் வீட்டு வாசல் வேம்பிலும் புளியிலும் பறவைகள் கூடு கட்டும். எச்சம் முற்றத்தில் விழுந்தாலும் யாரும் கல்லெடுப்பதில்லை.

உங்கள் ஊராலும் இது முடியும். தொடங்கலாம்.

வருவது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

“ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பறவைகள் வந்தன” என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது. கூடவே கூழைக்கடாவின் படத்தைப் போட்டிருப்பார்கள். கூழைக்கடா நம்முடைய பறவை. சங்குவளை நாரை, நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா இவையும் நம்முடையவைதான். தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே மாறிப் போகும், மழை பெய்ததும் திரும்ப வரும். இவை உங்கள் கண்மாயில் *கூடு கட்ட* வருகின்றன.

தொலைவிலிருந்து வருபவை வேறு: ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை, உள்ளான் வகைகள், மீசை ஆலா, சேற்றுப் பூனைப்பருந்து. நடு ஆசியாவிலும் அதற்கு வடக்கேயும் குளிர் ஏறும்போது இங்கே வந்து, பங்குனி வாக்கில் திரும்பிவிடும். திபெத், மங்கோலியா பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து கூந்தன்குளத்துக்குப் பழகிய விருந்தாளி. இவை இங்கே கூடு கட்டுவதில்லை. *தின்று கொழுக்கவும் ஓய்வெடுக்கவும்* வருகின்றன.

மூன்றாவது வகை ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பது: முக்குளிப்பான், நாமக்கோழி, மடையான், மீன்கொத்தி, ஆள்காட்டி.

இந்தப் பிரிவு ஏதோ படிப்பறிவுக்காகச் சொல்வதல்ல. கூடு கட்ட வருவதற்கு மரமும், மரத்தைச் சுற்றித் தண்ணீரும், மூன்று நான்கு மாத அமைதியும் வேண்டும். வாத்துக்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும், மரம் தேவையில்லை. உள்ளானுக்குக் கணுக்கால் ஆழச் சேறு வேண்டும். உங்கள் கண்மாய்க்கு எந்த வகை அதிகம் வருகிறது என்று தெரியாமல் வேலையில் இறங்கினால், வாத்துகள் வரும் வெட்டவெளிக் கண்மாயில் மரத்தை நட்டுவிட்டு வாத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஊரில் ஆடு மாடு மேய்க்கும் பெரியவர்களிடமும் மடையைத் திறந்து மூடும் மடைக்குடும்பரிடமும் கேளுங்கள். எந்த மரத்தில் எந்தப் பறவை, எந்த ஆண்டு வராமல் போனது என்று வாயிலிருந்தே வரும்.

சித்திரை, வைகாசி, ஆனி: வறண்ட கண்மாயில்தான் வேலை

ஆண்டின் மிக முக்கியமான மூன்று மாதங்கள் இவை. பறவைக் கூட்டங்கள் கண்ணில் படாத மாதங்கள் என்பதால் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் கண்மாய் யாருடையது என்று பாருங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளது என்றால் நீர்வளத்துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். மீன் பாசிக் குத்தகையை (மீன் பிடிக்கும் உரிமையை) விடுவது யார், உள்வாயில் (கரைக்குள்ளே தண்ணீர் நிற்கும் பரப்பில்) உள்ள மரங்கள் யார் கணக்கில் இருக்கின்றன என்பதையும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மரம் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டதாக இருந்தால் ஒருநாள் ஏலத்துக்கு வரும். கூடுகள் நிறைந்த கருவேலங்காடு ஏலம் போய் வெட்டப்பட்ட பிறகு அழுது பயனில்லை. ஏலத்துக்கு முன்பே கூட்டு மரங்களை, அதாவது பறவைகள் கூடு கட்டும் மரங்களைக் கணக்கெடுத்து, அவற்றை விலக்கச் சொல்லி ஊராட்சித் தீர்மானத்தோடு மனு கொடுக்க வேண்டும்.

அடுத்தது தூர்வாருவது. வண்டல் மண் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கலாம். உழவர்களுக்கு மண் கிடைக்கும், கண்மாய்க்கு ஆழம் கிடைக்கும். ஆனால் எல்லா இடத்தையும் ஒரே மட்டமாகத் தோண்டிவிடாதீர்கள். நாரைகள் நீந்துவதில்லை. முழங்காலுக்கும் குறைந்த தண்ணீரில் நடந்து இரை தேடுகின்றன. கிணறு மாதிரி செங்குத்தாக வெட்டிய கண்மாயில் அவற்றுக்குக் கால் வைக்க இடமிருக்காது. நான் பார்த்தவரை நல்ல பலன் தருகிற முறை இதுதான்:

- கரையோரமும் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வந்து சேரும் இடமும் சரிவாகவும் ஆழமில்லாமலும் அப்படியே இருக்கட்டும்.
- நடுவில், கூட்டு மரங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி அகழி போல ஆழப்படுத்துங்கள். கண்மாய் வற்றிவரும்போதும் மரத்தடியில் தண்ணீர் நிற்கும்.
- அந்த மண்ணையே திட்டாகக் குவித்து, அதன் மேல் மரம் நடுங்கள்.

மரத்தடித் தண்ணீருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பீர்கள். தண்ணீர் நிற்கும் வரை நாய், நரி, கீரி எதுவும் மரத்தை நெருங்காது. மனிதர்களும் போக மாட்டார்கள். தண்ணீர் வற்றியதும் மரத்தடி நடைபாதையாகிவிடும். பல நேரங்களில் குஞ்சு இருக்கும்போதே பெற்றோர் பறவைகள் கூட்டைக் கைவிட்டுப் போய்விடும்.

பொக்லைனை இறக்குவதற்கு முந்தின நாள் ஒருமுறை கண்மாய்க்குள் நடந்து பாருங்கள். ஆள்காட்டி வறண்ட தரையில் கூழாங்கல்லுக்கு நடுவே முட்டையிடும். பெரும்பாலும் நான்கு முட்டைகள், மண்ணின் நிறத்திலேயே இருக்கும். தலைக்கு மேலே கத்திக்கொண்டே ஒரு ஆள்காட்டி சுற்றினால், முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றி நான்கு குச்சி நட்டுத் துணி கட்டிவிட்டு, வண்டியோட்டியிடம் சொல்லிவிடுங்கள். சில வாரம் கழித்து அந்த மூலையைத் தோண்டிக்கொள்ளலாம்.

சீமைக்கருவேலம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது நம் நிலத்துக்குக் கேடு என்பதில் எனக்கு ஐயமில்லை. உள்வாயை அடைத்துவிடுகிறது, நாட்டு மரங்களை எழ விடுவதில்லை. அதனால் ஒரே மூச்சில் வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்ற வேகம் வருகிறது. ஆனால் பறவைக்கு அந்த மரத்தின் பெயர் தெரியாது. வேறு மரமில்லாத கண்மாய்களில் சீமைக்கருவேலத்தின் மேல்தான் கூழைக்கடாவும் நத்தைக்குத்தியும் கூடு கட்டுகின்றன. எல்லாவற்றையும் ஒரே கோடையில் எடுத்துவிட்டால், புரட்டாசியில் வரும் பறவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடும். மாற்று மரம் வளர்ந்த பிறகு பழையதை எடுங்கள். கூடு இல்லாத பகுதியில் முதலில் தொடங்கி, திட்டில் நட்டவை ஆள் உயரம் தாண்டியதும் அடுத்த பகுதிக்குப் போங்கள். அஞ்சாறு ஆண்டு ஆகும். ஆகட்டும்.

நடுவதற்கு உள்வாயில் நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் சிறந்தவை. மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாது. வேடந்தாங்கலின் கூட்டு மரங்களில் முக்கியமானது நீர்க்கடம்புதான். கரையில் பனை, ஆல், அரசு, புளி, இலுப்பை. வரத்துக்கால் ஓரம் நீர்மருது. நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு, ஆனியில் முழங்கால் உயரக் கன்றை உள்வாய்ப் பள்ளத்தில் நட்டு, ஐப்பசியில் முதல் வெள்ளத்தில் மூழ்கடிப்பது. திட்டின் மேல், இடுப்பு உயரத்துக்குக் குறையாத கன்றாக நட்டு, ஆடு கடிக்காதபடி முள்வேலி போடுங்கள்.

ஆடி, ஆவணி: பேசி முடிக்க வேண்டியவை

இந்த இரண்டு மாதமும் பேச்சுக்குரியவை. கிராம சபைக் கூட்டம் இதற்குச் சரியான இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. தூர்வாரும் தீர்மானத்தை மே 1 கூட்டத்திலும், பறவைகள் இருக்கும் காலத்துக்கான தீர்மானத்தை ஆகஸ்ட் 15 கூட்டத்திலும் கொண்டுவாருங்கள். மூன்று விஷயங்கள் அதில் இருந்தால் போதும்.

ஒன்று, மீன் குத்தகை. குத்தகைக்காரரை எதிரியாக்கிவிட்டு எந்தக் கண்மாயிலும் பறவையைக் காக்க முடியாது. அவர் பணம் கட்டியிருக்கிறார், நீர்க்காகம் மீன் தின்பதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஏலத்துக்கு முன்பே நிபந்தனைகளைப் பேசிவிடுவதுதான் முறை: கூட்டு மரங்களைச் சுற்றி வலை கட்டக் கூடாது, வெடி போட்டு விரட்டக் கூடாது, அறுந்த நைலான் வலையைத் தண்ணீரில் விடக் கூடாது, ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக் கூடாது. தடை செய்யப்பட்ட அந்த மீன் நாட்டு மீன்களைத் தின்று தீர்த்துவிடும். இந்த நிபந்தனைகளுக்காக ஏலத் தொகை கொஞ்சம் குறைந்தால் ஊர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். காசில் ஒரு பங்கைக்கூட விட்டுக்கொடுக்காமல் பறவை மட்டும் வேண்டும் என்றால் நடக்காது.

இரண்டு, தண்ணீர். ஆயக்கட்டு உழவர்களோடு உட்கார்ந்து, மதகின் எந்தப் படிக்குக் கீழே தண்ணீரை இறக்குவதில்லை என்று முடிவு செய்யுங்கள். மழை குறைந்த ஆண்டில் இந்தப் பேச்சு கடுமையாக இருக்கும். பயிர் காய்ந்துகொண்டிருக்கும் உழவரிடம் பறவைக்குத் தண்ணீர் விடுங்கள் என்று சொல்வது எளிதல்ல, நியாயமும் அல்ல. அதனால்தான் நல்ல மழை பெய்யும் ஆண்டிலேயே, மனம் இளகியிருக்கும்போதே முடிவை எழுதிவைக்கச் சொல்கிறேன். நடுவில் தோண்டிய அகழி இங்கேதான் கைகொடுக்கும். அதில் தேங்குவது மதகின் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் எப்படியும் வயலுக்குப் பாயாது.

மூன்று, தீபாவளி. அதற்குக் கீழே வருகிறேன்.

அப்புறம், ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று ஒன்று காகித அளவிலாவது இருக்கும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி அமைப்பது அது. மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் கண்மாயின் பறவைகளையும் கூட்டு மரங்களையும் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு அந்த வழியே சாலையோ குழாயோ வரும்போது, பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி பெரிய சான்று.

புரட்டாசி, ஐப்பசி: முதல் சிறகு

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒற்றர்கள் போலச் சில பறவைகள் வரும். இரண்டு மூன்று நத்தைக்குத்திகள் மரத்து உச்சியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும், மறுநாள் காணாமல் போகும், பத்து நாளில் கூட்டமாகத் திரும்பும். இந்த நாட்களில் கிடைக்கும் அமைதியைப் பொறுத்துத்தான் அவை அங்கே தங்குவதும் தங்காததும்.

தீபாவளி சரியாக இந்த நேரத்தில் வருகிறது. கொள்ளுக்குடிப்பட்டிக் கதையைச் சொன்னால் உங்கள் ஊர் இளைஞர்கள் முதலில் சிரிக்கக்கூடும். தடை என்று தொடங்காதீர்கள். முதல் ஆண்டு கண்மாய்க் கரையிலும் அதை ஒட்டிய தெருவிலும் மட்டும் வெடி வேண்டாம் என்று கேளுங்கள். மத்தாப்பும் சங்குசக்கரமும் ஊர் மந்தையில் எல்லாரும் சேர்ந்து கொளுத்தலாம். பிள்ளைகளைக் காலையில் கரைக்குக் கூட்டிப் போய், யாருக்காக வெடிக்காமல் இருந்தார்களோ அந்தப் பறவைகளைத் தொலைநோக்கியில் காட்டுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளைகளே அப்பா அம்மாவிடம் பேசிக்கொள்வார்கள். கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளியை ஒட்டி வனத்துறையினர் வீடு வீடாக இனிப்புக் கொடுக்கிறார்கள். உங்கள் ஊரில் அதை ஊராட்சியோ வெளியூரில் வேலை பார்க்கும் உங்கள் ஊர்க்காரர்களோ செய்யலாம்.

கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியும் அப்படித்தான். நிறுத்தச் சொன்னால் சண்டை வரும், கண்மாய்ப் பக்கம் பார்க்காமல் ஊர்ப் பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

கார்த்திகை முதல் தை வரை: பார்ப்பதும் எண்ணுவதும்

கூடு கட்டத் தொடங்கிவிட்டால் உங்கள் வேலை தள்ளி நிற்பதுதான். ஒரு சங்குவளை நாரைக் கூட்டில் முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு பறக்க அதற்கு மேல் இரண்டு மாதம். கூழைக்கடாவுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். இந்த மூன்று நான்கு மாதத்தில் தாய்ப்பறவை ஒருமுறை அஞ்சி எழுந்தாலும் காகமும் பருந்தும் காத்திருக்கின்றன. அது எழுந்தால் உச்சி வெயிலில் இறகு முளைக்காத குஞ்சுக்கு நிழல் தர ஆளில்லை.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்? மீட்டர் கணக்கைவிடப் பறவையே சொல்வதைக் கேளுங்கள். இரை தேடிக்கொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால், நில்லுங்கள். கழுத்தை நீட்டி நடக்கத் தொடங்கினால், பின்வாங்குங்கள். பறந்துவிட்டது என்றால் நீங்கள் ஏற்கெனவே தப்புச் செய்துவிட்டீர்கள். கரையை விட்டு உள்வாய்க்குள் இறங்கவே வேண்டாம். ட்ரோன் பறக்க விடுபவர்களை, எந்த ஊரிலிருந்து எவ்வளவு பெரிய கேமராவோடு வந்திருந்தாலும், பணிவாகவும் உறுதியாகவும் நிறுத்துங்கள். கூட்டுக்குக் கிட்டே போய் எடுத்த படத்தை ஊர்க் குழுவில் யாராவது போட்டால் பாராட்டாதீர்கள்.

இரை போடுவது வேண்டாம். பொரியும் பிஸ்கட்டும் நாரைக்கு உணவல்ல. காகத்தையும் நாயையும்தான் அது கூட்டி வரும்.

சரி, எண்ணுவதற்கு வருவோம். எண்ணிக்கை இல்லாமல் உங்கள் உழைப்பு பலன் தருகிறதா என்று தெரியாது, அதிகாரியிடம் வாதாடவும் முடியாது. ஒரு நோட்டு, ஒரு பேனா, முடிந்தால் 8x42 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாக்கும்) ஒரு தொலைநோக்கி போதும். தொலைநோக்கி ஊர்ப் பொதுச்சொத்தாகப் பள்ளியில் இருக்கட்டும்.

கரையில் இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்து, எப்போதும் அங்கிருந்தே எண்ணுங்கள். மாதம் இருமுறை, விடிந்து முதல் இரண்டு மணி நேரத்துக்குள், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். நோட்டில் தேதி, நேரம், மதகுப் படியில் தண்ணீர் மட்டம், பறவையின் பெயர், எண்ணிக்கை. கூட்டு மரங்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வொரு மரத்திலும் எத்தனை கூட்டில் பறவை உட்கார்ந்திருக்கிறது என்று தனிப் பக்கத்தில் எழுதுங்கள். கூடு இருக்கிறது, பறவை இல்லை என்றால் அதைத் தனியாகக் குறியுங்கள்.

பெருங்கூட்டத்தை எண்ணுவதில் எல்லாருக்கும் முதலில் மலைப்பு வரும். பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அளவை வைத்துக் கூட்டத்தைப் பத்துப் பத்தாக அளந்துகொண்டே போங்கள். ஆயிரக்கணக்கில் வாத்து இருந்தால் நூறு நூறாக. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரிரண்டு மாதத்தில் கண் பழகிவிடும். தெரியாத பறவையை ஊகித்து எழுத வேண்டாம், “வாத்து, இனம் தெரியவில்லை, 40” என்பது நேர்மையான பதிவு. பறவையே இல்லாத நாளையும் “ஒன்றுமில்லை” என்று எழுதுங்கள். அந்த வெற்று நாட்கள்தான் பத்தாண்டுக்குப் பிறகு பேசும்.

நோட்டில் எழுதியதை, உலகெங்கும் உள்ளவர்கள் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்திலும் ஏற்றுங்கள். கைபேசியில் செயலி இருக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதினால் அது முழுப் பட்டியல். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஊருக்கு வரும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போக இதைவிட நல்ல நாள் இல்லை. ஜனவரியிலேயே, 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் உண்டு. வனத்துறையின் ஆண்டுக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேர முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பயிற்சி பெற்றவர்களோடு ஒரு காலைப்பொழுது நின்றால், புத்தகத்தில் ஓராண்டு படிப்பதைவிட அதிகம் கற்றுக்கொள்ளலாம்.

காலில் வளையம் போட்ட பறவை கண்ணில் பட்டால், படமெடுத்து எழுத்தையும் எண்ணையும் நிறத்தையும் குறித்து, மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். கோடியக்கரையில் பல ஆண்டுகளாக வளையமிட்டு வருபவர்கள் அவர்கள்தான்.

அடிபட்ட பறவையோ விழுந்த குஞ்சோ கிடைத்தால்

இது எந்த மாதத்திலும் நடக்கும், ஆனால் தை, மாசியில் அதிகம். காற்றில் குஞ்சுகள் விழும், பெரிய பறவைகள் மின்கம்பியில் மோதும், நைலான் நரம்பில் கால் சிக்கும்.

பிடிக்கும் முன் ஒரு துண்டைத் தலை மேல் போர்த்துங்கள். இருட்டானால் பறவை அடங்கும். நாரையோ கொக்கோ என்றால் முதலில் அலகைப் பிடியுங்கள். அவை கண்ணைப் பார்த்துக் குத்தும், இதில் ஒரு நொடிகூட அசட்டையாக இருக்க வேண்டாம். மூக்குத் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா இவற்றுக்கு வெளியே தெரியும் மூக்குத் துளை இல்லை, வாயால்தான் மூச்சு விடும். அதனால் அலகை இறுக்கி மூடவே கூடாது, இரண்டு அலகுக்கும் நடுவே விரல் வைத்துப் பிடியுங்கள். காற்றுப் போக ஓட்டையிட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து, சத்தமில்லாத நிழலில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பாலும் சோறும் கூடவே கூடாது. உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். குணமாகும் வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை வரும். 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், பறவைக்கும் நல்லதல்ல.

ஒரே நாளில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் கையால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் நாய்களையும் தள்ளி வையுங்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், விஷம் கலந்த இரையாகவும் இருக்கலாம். கால்நடை பராமரிப்புத் துறைக்கும் வனத்துறைக்கும் ஒரே நேரத்தில் தகவல் போக வேண்டும். கொக்கு, மடையான் பிடித்து விற்பவர்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். நீங்களே போய்ச் சண்டையிடாமல், இடம், நேரம், வண்டி எண் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஒரே கம்பியில் இரண்டாவது பறவை அடிபட்டுச் செத்தால், தேதியோடு படமெடுத்து மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். கம்பிக்கு உறை போடவோ பறவைக்குத் தெரியும்படி அடையாளம் தொங்கவிடவோ அவர்களால் முடியும். வாயால் சொன்னது நிற்காது.

மாசி, பங்குனி: கடைசிக் குஞ்சு பறக்கும் வரை

வாத்துகள் கிளம்பத் தொடங்கும். கண்மாய் சுருங்கும், மீன்கள் ஒரு மூலைக்கு ஒதுங்கும், நாரைகளுக்கு அது விருந்துக் காலம். இயற்கை இதை மிக நேர்த்தியாக வைத்திருக்கிறது. குஞ்சுகள் அதிகம் தின்னும் வாரங்களும், மீன் எளிதில் அகப்படும் வாரங்களும் ஒன்றாக வருகின்றன.

தென்மாவட்டங்களில் மீன்பிடித் திருவிழாவும் இதை ஒட்டியே வருகிறது. ஊத்தா, கச்சா என்ற மீன்பிடிக் கருவிகளை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரமே கண்மாயில் இறங்கும் அந்த நாளை நான் விரும்புகிறவன். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை, நிறுத்தவும் தேவையில்லை. நாள் குறிக்கும் முன் ஊர்ப் பெரியவர்கள் கூடுகளை எண்ணி எழுதிய நோட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எண் போட்ட மரங்களில் பறக்காத குஞ்சு இன்னும் எத்தனை என்று நோட்டு சொல்லும். பத்துக் கூடு மிச்சமிருந்தால் திருவிழாவைச் சித்திரைக்குத் தள்ளலாம். தள்ளவே முடியாது என்றால், கூட்டு மரங்களைச் சுற்றிக் கயிறு கட்டி, அந்தப் பக்கம் யாரும் இறங்காமல் நான்கு இளைஞர்களை நிறுத்தலாம்.

மார்ச் 22 கிராம சபையில் அந்த ஆண்டின் கணக்கைப் படியுங்கள்: எத்தனை இனம், எத்தனை கூடு, எத்தனை குஞ்சு பறந்தது, எந்த மரம் காய்ந்தது. பள்ளிப் பிள்ளை ஒருத்தி படித்தால் இன்னும் நல்லது.

பிறகு கரைக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். கடைசிக் குஞ்சு பறந்த தேதியை நோட்டில் எழுதிவிட்டு, பழைய கூடுகளைக் கலைக்காமல் அப்படியே விடுங்கள், அடுத்த ஆண்டு வருபவை அந்தக் குச்சிகளை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் மட்டம் அகழிக்குள் இறங்கிய நாளையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு தேதிகளுக்கும் நடுவே எத்தனை நாள் என்று பாருங்கள். தண்ணீர் முந்திக்கொண்டு வற்றியிருந்தால், வைகாசியில் எங்கே எவ்வளவு தோண்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.